எந்தப் பாகம், எத்தனை கிராம், எத்தனை நாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மனப்பதற்றத்துக்கு நல்லவை என்று அமுக்கரா, வல்லாரை, பிராமி, சடாமாஞ்சில், வசம்பு, ஜாதிக்காய் ஆறையும் ஒரே மூச்சில் சொல்லி, "பாலில் கலந்து பருகி வரலாம்" என்று முடித்திருந்தார்கள். ஆறும் நம் வைத்தியத்தில் வழங்கும் சரக்குகள்தாம். ஆனால் மருந்துகளின் தரத்தையும் அளவையும் சொல்லும் அரசு நூலான இந்திய ஆயுர்வேத பார்மகோபியாவைப் புரட்டினால், அமுக்கரா வேர்ப்பொடிக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் என்று இருக்கும்; வசம்புக்கு 60 முதல் 120 மில்லிகிராம் என்று இருக்கும். ஐம்பது மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டு அளவைச் சொல்லாமல் விட்டால், வாசகர் இரண்டுக்கும் ஒரே தேக்கரண்டியைத்தான் எடுப்பார். செடியின் எந்தப் பாகம், எத்தனை கிராம், எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்ற நான்கும் இல்லாத மூலிகைக் குறிப்பு அச்சில் வரக்கூடாது என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள். அந்த நான்கையும் எங்களால் இயன்ற அளவு இங்கே எழுதுகிறோம்.

முதலில், பதற்றம் என்று நினைப்பதெல்லாம் பதற்றம் அல்ல. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, எடை குறைவு எல்லாம் தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் வரும். இரத்தசோகையில் படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு உணவைத் தள்ளிப் போட்டவருக்கும் இதே படபடப்பும் வியர்வையும்தான். ஆகவே சூரணம் வாங்குவதற்கு முன்னால் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், இரத்தச் சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட வேண்டும். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈசிஜியும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. தைராய்டு மிகையால் படபடக்கும் ஒருவர் அதைப் பதற்றம் என்று எண்ணி அமுக்கரா சாப்பிட்டால் எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். பெங்களூருக்காரர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் இரண்டு, அலுவலகத்தில் இரண்டு, மாலை தர்ஷினி உணவகத்தில் நின்றபடி ஒன்று என்று ஐந்து காபி குடித்துவிட்டு இரவு மூலிகை தேடுவதில் பொருளில்லை. பகல் இரண்டு மணிக்கு மேல் காபியை நிறுத்தி இரண்டு வாரம் பார்த்தாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இனி அமுக்கரா. பயன்படுவது வேர் மட்டும். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் வட்டாரத்திலிருந்தும் ராஜஸ்தானின் நாகௌர் பக்கத்திலிருந்தும் வருவதுதான் சந்தையில் பெரும்பகுதி. அவென்யூ சாலை, மாமூல்பேட்டை கிரந்திகெ அங்கடிகளில், அதாவது நாட்டுமருந்துக் கடைகளில், அஸ்வகந்தா என்றோ ஹிரேமத்து என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். பொடியாக வாங்காமல் வேராக வாங்குவது நல்லது. நல்ல வேர் வெளியே சாம்பல் கலந்த மஞ்சளாக இருக்கும். ஒடித்தால் நார் இழுக்காமல் சட்டென்று ஒடியும், உள்ளே வெள்ளையாக மாவு தெரியும். நார் நாராகப் பிரிந்தால் முற்றிப்போன வேர், அல்லது தண்டு கலந்த சரக்கு. கரும்புள்ளியும் முடை நாற்றமும் இருந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.

இலை ஏன் கூடாது என்று கேட்பார்கள். இலை மலிவு, அதில் வித்தஃபெரின் ஏ என்ற சத்து வேரைவிடக் கூடுதல். அது செல்களைத் தாக்கும் வீரியமுள்ளது. அதனால்தான் இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் மருந்து தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. மாத்திரைப் புட்டியில் "வேர்" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே "அஸ்வகந்தா சாரம்" என்றிருந்தால் எந்தப் பாகம் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் புட்டியை விட்டுவிடுங்கள்.

வேர்ப்பொடியைச் சுத்தி செய்வதற்குச் சித்த மருத்துவத்தில் பிட்டவியல் என்று ஒரு முறை உண்டு. 100 கிராம் பொடிக்குக் கால் லிட்டர் பசும்பாலும் கால் லிட்டர் நீரும் போதும். வாயகன்ற பாத்திரத்தில் பாலையும் நீரையும் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, சிறிது பால் தெளித்துப் புட்டு மாவு போலப் பிசிறிய பொடியைத் துணியில் பரப்பி மூடி, சிறுதீயில் அரைமணி நேரம் அவிக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் பால் இருந்தால் பொங்கித் துணியைத் தொடும், பொடி கூழாகிவிடும். அவித்ததை வெயிலில் நொறுங்கும்படி காயவைத்து மறுபடி சலிக்க வேண்டும். இந்த ஊரில் ஜூன் முதல் அக்டோபர் வரை வெயிலை நம்பி இதைச் செய்யாதீர்கள். மேலே காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். பால் பட்ட பொடியில் ஈரம் நின்றால் மூன்றே நாளில் புளித்த வாடை வரும்.

கடையில் கிடைக்கும் அமுக்கராச் சூரணம் தனி அமுக்கரா அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய பாகமுறை அழகான ஒரு கணக்கு: கிராம்பு 1, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதன் இரட்டிப்பு. மொத்தம் 255 பங்கு. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: சரிபாதி சர்க்கரை, கால்வாசி அமுக்கரா, மீதியில் பெரும்பகுதி சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகம். 3 கிராம் சூரணம் சாப்பிடுகிறவருக்கு உள்ளே போகும் அமுக்கரா முக்கால் கிராம்தான். சர்க்கரை ஒன்றரை கிராம். திரிகடுகம் முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. நீரிழிவுக்காரர் சர்க்கரை சேர்க்காமல் கேட்டு வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் அளவையும் பாதியாகக் குறைக்க வேண்டும், ஏனென்றால் அதில் மருந்து இரட்டிப்பாகச் செறிந்திருக்கும். அடுத்தது, பதற்றக்காரர்கள் பலருக்கு நெஞ்செரிச்சலும் கூடவே இருக்கும். வெறும் வயிற்றில் திரிகடுகம் போனால் எரிச்சல் கூடும், அந்த எரிச்சலே புதிய பயத்தைக் கிளப்பும். இரவு உணவுக்கு அரைமணி கழித்து, வெதுவெதுப்பான பாலில்தான் எடுக்க வேண்டும். குடல்புண் உள்ளவர்களுக்கு இந்தச் சூரணமே வேண்டாம். சுத்தி செய்த தனி அமுக்கராப் பொடி பொருந்துமா என்று வைத்தியரைக் கேட்கலாம்.

வீட்டில் செய்கிறவர்கள் செய்யும் பிழை, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மிக்ஸியில் ஓட்டுவது. கிராம்பும் ஏலமும் சூட்டில் மணத்தை இழக்கும். சுக்கு நாராகத் தங்கும். 255 கிராமில் 1 கிராம் கிராம்பு ஒரு மூலையில் மட்டும் கிடக்கும். சுக்கின் தோலைச் சீவி, ஒவ்வொன்றையும் இளவறுப்பாக வறுத்து, ஆறவிட்டு, தனித்தனியே இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். கலக்கும்போது சிறிய அளவிலிருந்து தொடங்குங்கள்: 1 கிராம் கிராம்போடு 2 கிராம் சிறுநாகப்பூ, அது கலந்தபின் 4 கிராம் ஏலம், பின் 8 கிராம் மிளகு. கிட்டத்தட்ட சமமான இரண்டு குவியல்கள் ஒவ்வொரு தடவையும் சேர்வதால் எல்லாம் ஒரே சீராகக் கலக்கும். இரட்டிப்பு வரிசையில் பாகம் சொன்ன முன்னோர் மருந்துக்கூடம் தெரிந்தவர்கள். சர்க்கரையை மட்டும் கலந்து வைக்காமல், சாப்பிடும்போது சேர்த்துக்கொள்வது இந்த ஊர் ஈரக்காற்றுக்கு ஏற்றது. கலந்து வைத்தால் நீர் இழுத்துக் கட்டி தட்டும். சூரணத்துக்குச் சித்த நூல்கள் சொல்லும் ஆயுள் மூன்று மாதம். அரைக்கிலோ வாங்கி ஆண்டு முழுவதும் வைத்திருப்பது வீண். தலைதட்டிய தேக்கரண்டி ஏறக்குறைய 3 கிராம், குவித்து எடுத்தால் 5 கிராமைத் தொடும். நகை எடை பார்க்கும் சிறிய மின்தராசு வீட்டில் ஒன்று இருந்தால் சந்தேகமே இல்லை.

எத்தனை நாள்? அமுக்கரா முதல் நாளே தூங்க வைக்கும் மருந்தல்ல. 2012இல் வெளியான ஐதராபாத் ஆய்வில் 64 பேர் 60 நாட்கள் பங்கேற்றார்கள். மருந்துக் குழுவினருக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாரம் நாளுக்கு இருவேளை. மன அழுத்த அளவீடும், அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனும் குறைந்தன. நல்ல சேதிதான், ஆனால் 64 பேர் என்பது சிறிய எண், அதிலும் கொடுத்தது செறிவூட்டிய சாரம், சூரணம் அல்ல. அந்த ஆய்வைக் காட்டிச் சூரணத்தை விற்பதும், சூரணத்தின் பழம்பெருமையைக் காட்டிச் சாரத்தை விற்பதும் சந்தையில் சர்வசாதாரணம். எட்டு வாரம் சாப்பிட்டும் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். மாற்றம் தெரிந்தாலும் மூன்று மாதத்தோடு ஒரு இடைவெளி விடுவது நல்லது.

அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி ஐஸ்லாந்து, அமெரிக்கா, இந்தியா எல்லா இடத்திலிருந்தும் மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்துள்ளன. டென்மார்க் 2023இல் தடையே விதித்தது. தடை தேவையா என்பது தனி விவாதம். எங்களுக்கு அது மிகையாகத்தான் படுகிறது. ஆனால் உடல் முழுக்க அரிப்பு, சிறுநீர் தேநீர் நிறம், கண்ணில் மஞ்சள், பசியே இல்லாமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்பாலும் தொடங்கி இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வருவது இது. கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், தைராய்டு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக அமுக்கராவைத் தொடக்கூடாது.

வல்லாரைக்கு வருவோம். இந்த ஊரில் வல்லாரை கேட்டால் ஒந்தெலகா என்று கட்டுக் கட்டாகத் தருவார்கள். பிராமி என்று கேட்டாலும் சில கடைகளில் அதையேதான் தருவார்கள். வேறு சிலர் நீர்ப்பிரமியைத் தருவார்கள். பச்சையாக இருந்தால் குழப்பமில்லை: வல்லாரைக்கு நீண்ட காம்பில் சிறுநீரக வடிவ இலை, ஓரத்தில் பல்; நீர்ப்பிரமிக்குக் காம்பே இல்லாதது போல, எதிரெதிராக, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளச் சதைப்பற்றுள்ள குட்டி இலை, வாயில் போட்டால் கடுங்கசப்பு. காய்ந்த பொடியில் கண்ணால் பிரித்தறிய முடியாது. அளவும் வேறு. வல்லாரைப் பொடி 3 முதல் 6 கிராம். நீர்ப்பிரமிப் பொடி 1 முதல் 3 கிராம். வல்லாரை என்று நினைத்து நீர்ப்பிரமியை 6 கிராம் சாப்பிட்டால் வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வரும், அதிலுள்ள சப்போனின்கள் என்ற நுரைக்கும் பொருட்கள் குடலை முடுக்கிவிடும். நீர்ப்பிரமி எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். சங்கபுஷ்பி என்ற பெயரிலும் இதே தொல்லை உண்டு. வடக்கே ஒரு செடி, இங்கே நம் சங்குப்பூ, சில கடைகளில் விஷ்ணுகிராந்தி. ஒட்டியுள்ள சீட்டில் தாவரவியல் பெயர் இல்லாத சங்கபுஷ்பியை வாங்காதீர்கள்.

வல்லாரைக்குப் பதற்றத்தில் நேரடிச் சான்று கொஞ்சம் உண்டு. 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சோதனையில் நலமுள்ள 40 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒரே வேளையாக 12 கிராம் வல்லாரை கொடுத்தார்கள். திடீர் ஓசைக்குத் திடுக்கிடுவது அவர்களிடம் குறைந்தது. 12 கிராம் என்பது பார்மகோபியா சொல்லும் உச்ச அளவின் இரட்டிப்பு. அதைத் தினமும் சாப்பிடச் சொல்லவில்லை. அளவு மீறினால் வல்லாரை தலைவலியும் மந்தமும் தரும்.

பெங்களூரில் வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் உள்ள பெரிய ஆபத்து செடியில் இல்லை, அது குடிக்கும் தண்ணீரில் இருக்கிறது. இரண்டும் ஈரத்தில் படர்கிறவை; ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தம்மிடம் தேக்கிக்கொள்ளும் குணமுடையவை. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைச் சுற்றியும் விருஷபாவதி ஆற்றின் ஓரமும் கழிவுநீரில் கீரை விளைகிறது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கழுவினால் மண் போகும், புழு முட்டை போகும், இலைக்குள் ஏறிய ஈயம் போகாது. ஆகவே கடையில் வாங்குவதைவிடத் தொட்டியில் வளர்ப்பது மேல். ஓரடி அகலமும் அரையடி ஆழமும் உள்ள தொட்டி, செம்மண்ணும் மக்கிய உரமும் பாதிப்பாதி, பாதி நிழல். லால்பாக் பக்கத்து நர்சரியில் ஒரு செடி வாங்கினால் ஓடுகொடியைக் கணுவோடு வெட்டி நட்டுப் பெருக்கிக்கொள்ளலாம். மேல்மண் காயாமல் இருந்தால் போதும். உச்சி வெயிலில் வைத்தால் இலை சிறுத்து மஞ்சளாகும். நீர்ப்பிரமிக்கு அடியில் ஓட்டை இல்லாத தொட்டியே சரி. கொசு வராமல் இருக்க மண்ணுக்கு மேல் நீர் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இங்குள்ள கன்னடக் குடும்பங்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒந்தெலகா தம்புளி. பதினைந்து இலையை அரை நிமிடம் நெய்யில் வதக்கி, மிளகு, சீரகம், தேங்காயோடு அரைத்து மோரில் கலந்து சோற்றில் பிசைவது. வாரம் மூன்று நாள் இப்படிச் சாப்பிடுவதில் அளவு மீறும் பயமே இல்லை. வெளியில் வாங்கிய கீரையை மட்டும் பச்சையாக அரைக்காதீர்கள்.

ஜாதிக்காயைப் பற்றித் தங்கள் குறிப்பு "பாலில் கலந்து" என்று மட்டும் சொன்னது. நம் வீடுகளில் உரைகல்லில் பால் விட்டு நாலைந்து சுற்று இழைத்து எடுப்பார்களே, அந்தக் கால் கிராமுக்கும் குறைவான விழுதுதான் அளவு. முழுக்காய் ஒன்று சுமார் 5 கிராம் எடை. அந்த ஒரு காயைப் பொடித்துச் சாப்பிட்டாலே நஞ்சாகலாம்: வாய் உலர்ந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, குமட்டி, இல்லாதது தோன்றும். பதற்றத்துக்குச் சாப்பிட்டது பதற்றத்தையே கொண்டுவரும். இதில் ஒரு சூது உண்டு. வேலை செய்யத் தொடங்கவே மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டவர் பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று இன்னொரு பங்கு எடுப்பார். இரண்டும் சேர்ந்து நள்ளிரவில் பிடிக்கும். ஒரு இரவில் ஒரே தடவைதான். குழந்தைகளுக்கு வேண்டாம்.

வசம்பும் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று எழுதினால் பாட்டிமார் கோபிப்பார்கள். இருந்தாலும் எழுத வேண்டியிருக்கிறது. இந்திய வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் மிக அதிகம். எலிகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968லேயே உணவில் சேர்க்கத் தடை செய்தது. சுட்டுக் கரியாக்கித் தொப்புளைச் சுற்றிப் பூசுவது வேறு, உள்ளுக்குக் கொடுப்பது வேறு. பெரியவர்களும் பதற்றத்துக்கு என்று மாதக்கணக்கில் சாப்பிடத் தக்கதல்ல.

சடாமாஞ்சில் இமயத்தில் 3,000 மீட்டருக்கு மேல் விளைவது, மிக அருகிவிட்ட செடி. மலிவாகக் கிடைத்தால் பெரும்பாலும் தகர வேரோ வேறு வேரோ கலந்திருக்கும். வீட்டு வைத்தியத்தில் அதை விட்டுவிடலாம். சர்ப்பகந்தா சிலர் தூக்கத்துக்கு என்று வாங்குகிறார்கள். இரத்த அழுத்தத்தை இறக்கி, நாளடைவில் மனச்சோர்வையே உண்டாக்கக்கூடிய ரெசர்பின் அதில் இருக்கிறது. வைத்தியர் கையால் அல்லாமல் கூடவே கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் சாமந்தித் தேநீர் என்று விற்பது யுனானிக்காரர்கள் பாபூனா என்று சொல்லும் வேறு செடி. சிட்டி மார்க்கெட்டில் முழக்கணக்கில் வாங்கும் செவ்வந்தி பூச்சிமருந்து தெளித்தது. அதைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறோம்.

மிக முக்கியமான ஒன்று. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லி எடுத்துக்கொண்டிருப்பவர்கள், மூலிகை தொடங்கியதும் அவற்றைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. பல வாரம் சாப்பிட்ட மாத்திரையை ஒரேநாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம். சிறிது சிறிதாகக் குறைப்பதற்கு மருத்துவரிடம்தான் கணக்கு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் மயக்கம் கூடும். மறுநாள் காலை வெளிவட்டச் சாலையில் பைக் ஓட்ட வேண்டியவர் இதை நினைவில் வைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே எல்லா மூலிகைகளையும் நிறுத்தி, மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பிடும் சூரணத்தின் பெயரை மருத்துவரிடம் மறைப்பது நம்மிடையே ஒரு கெட்ட பழக்கம்.

பொட்டலத்தில் ஆயுஷ் மருந்து உரிம எண், தொகுதி எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், சேர்மானங்கள், அளவு எல்லாம் இருக்க வேண்டும். 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது மருந்தல்ல, உணவு என்ற பெயரில் விற்பது. மென்று தின்னும் மிட்டாய் வடிவில் வருபவை பெரும்பாலும் இந்த வகை.

ஆசிரியர் அவர்கள் இனி மூலிகைக் குறிப்பு எதை வெளியிட்டாலும் பாகம், அளவு, நாள், விலக்கு நான்கையும் எழுதியவரிடம் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறோம். கொடுக்க முடியாதவரின் குறிப்பை விட்டுவிடலாம். மனநலம் பற்றிய குறிப்பாக இருந்தால் அடியில் டெலிமானஸ் எண் 14416ஐ ஒரு வரி சேருங்கள். அரசின் இலவசச் சேவை, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

இப்படிக்கு,
சித்த மருந்தாளுநர்கள் இருவர்,
அலசூர், பெங்களூரு.